சின்னம்மாவைப் பார்த்துக்கிட்ட கைகள்

ரெண்டு மாசமா பதிவு எதுவும் போடலை. மரவள்ளி கிழங்கு பிடுங்குற வேலை ஒரு பக்கம், வீட்டுல ஒரு காரியம் இன்னொரு பக்கம். இந்தப் பதிவு விவசாயம் பத்தினது இல்ல. ஆனா நம்ம ஊர்ல விவசாயம் பண்ற ஒவ்வொரு வீட்டுலயும் இன்னைக்கு இல்லன்னாலும் நாளைக்கு வரப்போற விஷயம்.

எங்க ஊர்ப் பக்கம் வயசானவங்க சண்டையில கடைசியா விடுற சாபம் ஒண்ணு உண்டு. "ஒன் புள்ள ஒன்னைக் கொண்டுபோயி ஆசிரமத்துல தள்ளுவான் பாரு." அதுக்கு மேல ஒரு வசவு கிடையாது. முதியோர் இல்லம்னு சொன்னாலே பெத்தவங்களைக் கைகழுவுற இடம்னு முடிவு கட்டிட்டாங்க. சினிமாவும் அப்படித்தான் காட்டிருக்கு, பட்டிமன்றத்துலயும் அப்படித்தான் பேசுறாங்க.

ஆனா ஊரை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. பகல்ல வீட்டுத் திண்ணையில யார் இருக்காங்க? கெழவன், கெழவி, கட்டிப்போட்ட ஒரு ஆடு. இளவட்டங்க திருப்பூர்ல பனியன் கம்பெனி, பெங்களூருல கட்டட வேலை, சிங்கப்பூர், துபாய்னு போயாச்சு. மலையில இன்னும் மோசம். கல்வராயன் மலை ஜனங்க கேரளாவுக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போனா திரும்ப மாசக்கணக்கு ஆகும். 2011 கணக்கெடுப்புலயே தமிழ்நாட்டுல நூறு பேருல பத்து பேருக்கு மேல அறுபது வயசு தாண்டினவங்க. இப்ப அது இன்னும் கூடித்தான் இருக்கும். பெத்தது ரெண்டு, அதுல ஒண்ணு கட்டிக்கொடுத்த ஊர்ல, இன்னொண்ணு வெளிநாட்டுல. படுத்தா தூக்கி உக்கார வைக்க ஆள் வேணுமே.

எங்க சின்னம்மா கதை இப்படித்தான். எங்க அம்மாவோட தங்கச்சி. சித்தப்பா இறந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஒரே பையன், எனக்குத் தம்பி முறை, சிங்கப்பூர்ல கட்டட வேலை. ஒரு பொண்ணு ஆத்தூர்ல கட்டிக்கொடுத்திருக்கு. வீட்டுல சின்னம்மாவும் தம்பி பொண்டாட்டியும் ரெண்டு புள்ளைங்களும்தான். ஒரு ஏக்கரா கரும்பு, அரை ஏக்கரா மல்லாட்டை, ரெண்டு கறவை மாடு. எழுபத்திரண்டு வயசுலயும் சின்னம்மாதான் பால் கறக்கும்.

முந்தின வருஷம் ஐப்பசியில ஒரு நாள் விடிகாலைல மாட்டுக்கொட்டாய்ல விழுந்து கிடந்துச்சு. வலது கை, வலது கால் வரலை, வாய் கோணிப்போச்சு. 108-க்கு போன் போட்டு சிறுவங்கூர்ல இருக்குற கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முன்னாடியெல்லாம் இப்படி ஒண்ணுன்னா முண்டியம்பாக்கமோ சேலமோ ஓடணும். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சிருந்தா அதைக் கரைக்குற ஊசி இருக்கு, ஆனா அடைப்பு வந்த நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும்னு டாக்டர் விளக்குனாரு. சின்னம்மா எப்ப விழுந்துச்சுன்னே யாருக்கும் தெரியலை. வாய் கோணுறது, ஒரு பக்கம் கை தூக்க முடியாம போறது, பேச்சு குழறுறது, இந்த மூணுல எது வந்தாலும் கை வைத்தியம் பார்த்துட்டு உக்காராதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிதான்.

பதினெட்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாச்சு. உசுரு இருக்கு, பேச்சு பாதி இருக்கு, நடை இல்ல. அப்பத்தான் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆளுங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சாங்க. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம் இது. ஐ.நா. சபையோட விருதே 2024-ல இதுக்குக் கிடைச்சுது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாங்கன்னு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சிருந்துது. இயன்முறை மருத்துவரும், படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்குன்னு தனியா ஒரு நர்சம்மாவும் அதுல வருவாங்கங்குறது சின்னம்மா படுத்த பிறகுதான் தெரிஞ்சுது.

அந்த நர்சம்மா முதல் நாள் வந்து என்ன பண்ணாங்க தெரியுமா? ஊசி போடலை, மருந்து எழுதலை. சின்னம்மாவை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகைப் பார்த்தாங்க. வால் எலும்புக்கிட்ட தோல் செவந்திருந்துது. அதுதான் படுக்கைப் புண்ணோட முதல் அடையாளமாம். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி திருப்பிப் போடணும்மா. ஈரம் நிக்கக் கூடாது. செவந்த எடத்தைத் தேய்க்காதீங்க"ன்னு தம்பி பொண்டாட்டி கையைப் பிடிச்சே சொல்லிக் கொடுத்தாங்க. பழைய சேலையை நாலா மடிச்சு அடியில போட்டு, ஒரு ஆளே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இழுத்துத் திருப்புற வித்தையையும் காட்டுனாங்க. மருந்துச் சீட்டுல எழுத முடியாத வைத்தியம் அது.

அஞ்சு மாசம் அந்தப் பொண்ணு அப்படிப் பார்த்துச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னா ராத்திரியும் சேர்த்துத்தான். புள்ளைங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பணும், மாடு கறக்கணும், கரும்புக்குத் தண்ணி கட்டணும், சோறு ஊட்டணும், மலம் எடுக்கணும். மாசி மாசம் சின்னம்மாவைத் தூக்கும்போது இடுப்புல பிடிச்சுக்கிட்டு அதுவே படுத்துருச்சு. ஆத்தூர் பொண்ணு வந்து பத்து நாள் இருந்துச்சு. அதுக்கு மேல அந்த வீட்டுலயும் ஒரு மாமியார் படுக்கையில.

கடைசியில முடிவு எடுத்தது சின்னம்மாதான். பேச்சு திக்கித் திக்கித்தான் வரும். என்னைக் கூப்பிட்டுச் சொல்லுச்சு. "எப்பா... இவளும் படுத்துட்டா... புள்ளைங்க நெலம என்னா? என்னை... நல்ல எடமா பாத்து... சேத்து உடு." தம்பி பொண்டாட்டி அழுவுது. "ஊரு என்ன சொல்லும் மாமா?"ங்குது. ஊரு சொல்லாம விடலை. நடுராத்திரி எழுந்து திருப்பிப் போட வராத ஊருதான் அது.

பயமும் இருந்துச்சு, மறைக்க வேண்டியதில்ல. 2023 பிப்ரவரியில நம்ம பக்கத்து மாவட்டத்துல உரிமம் இல்லாம நடந்த ஒரு ஆசிரமத்தைப் பத்தி வந்த செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. சேர்த்த ஆளைக் காணோம்னு ஒரு குடும்பம் தேடிப்போனதுல இருந்துதான் அந்த விவகாரமே வெளிய வந்துச்சு. அதனால நானும் ஆத்தூர் மாப்பிள்ளையும் நாலு இடம் நேர்ல போய்ப் பார்த்தோம். பார்த்தது எதையெதைன்னு எழுதுறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல அரசாங்கப் பதிவுச் சான்று. சுவத்துல மாட்டியிருக்கணும், தேதி முடிஞ்சிருக்கக் கூடாது. ரெண்டாவது, சொல்லாம கொள்ளாம போகணும், அதுவும் சாப்பாட்டு நேரத்துல. மூணாவது, வாசம். உள்ள நுழைஞ்சதும் மூத்திர நாத்தம் அடிச்சா திரும்பிடலாம். பினாயில் நெடி மூக்கைப் பிளந்தாலும் சந்தேகப்படணும், நீங்க வர்றீங்கன்னு ஊத்தியிருப்பாங்க. நாலாவது, அங்க இருக்குறவங்க நகத்தைப் பாருங்க. நகம் வெட்டி சுத்தமா இருந்தா ஒவ்வொரு ஆளையும் யாரோ கையைப் பிடிச்சுப் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம். அஞ்சாவது, ராத்திரி எத்தனை பேர் முழிச்சிருக்காங்கன்னு கேளுங்க. ஆறாவது, எப்ப வேணா வந்து பார்க்கலாமான்னு கேளுங்க. "ஞாயித்துக்கிழமை மட்டும்தான்"னா வேண்டாம்.

நாலாவதா பார்த்த இடம் மனசுக்குப் பிடிச்சுது. முப்பது பேர் இருக்குற சின்ன இல்லம், கள்ளக்குறிச்சியில இருந்து பஸ் வசதி உண்டு. பேர் போட வேண்டாம்னு அவங்களே கேட்டுக்கிட்டதால எழுதலை. வாங்குற பணம் தம்பி அனுப்புறதுல கட்டக்கூடிய அளவுதான். முடியாதவங்க கிட்ட வாங்குறதும் இல்ல.

அங்க சின்னம்மாவைப் பார்த்துக்கிட்டது ஒரு மலைக்காரப் பொண்ணு. வெள்ளிமலைக்கு மேல ஒரு சின்ன ஊரு. இருபத்து நாலு வயசு இருக்கும். நர்சிங் உதவியாளர் படிப்பு படிச்சிருக்கு. கல்வராயன் மலை தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. நாடு 1947-ல சுதந்திரம் வாங்குனாலும் அந்த மலை 1976 வரைக்கும் ஜாகீர்தாருங்க கையிலதான் இருந்துது. அதுக்கு அப்புறம்தான் ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு ஒவ்வொண்ணா ஏறுச்சு. ரோடு போகாத குக்கிராமத்துல நோயாளியை இன்னைக்கும் டோலி கட்டித்தான் தூக்கிட்டு வர்றாங்க. அந்தப் பொண்ணு சொல்லுச்சு: "எங்க பாட்டியை எங்கப்பாவும் சித்தப்பாவும் டோலியில தூக்கிட்டு எறங்குனாங்க அண்ணா. பாதியிலயே போயிட்டாங்க. எனக்கு அப்ப ஒம்பது வயசு. பின்னாலயே சொம்புல தண்ணி எடுத்துக்கிட்டு ஓடுனேன்." அதுக்கு மேல அது எதுவும் சொல்லலை. நானும் கேக்கலை.

இந்தப் பொண்ணு என்னென்ன பண்ணுச்சுன்னு கேட்டா பெருசா எதுவும் இருக்காது. சின்னம்மாவுக்குக் காலையில இட்லி இறங்காது, கேவுரு கூழும் சின்ன வெங்காயமும்தான் வேணும். ரெண்டாவது வாரத்துல அதைக் கண்டுபிடிச்சு, வெங்காயத்தை நசுக்கிக் கூழ்லயே கலந்து கொடுத்துச்சு. பக்கவாதம் வந்தவங்களுக்குத் தண்ணி மாதிரி இருக்குறது புரையேறும், கொஞ்சம் கெட்டியா இருந்தா இறங்கும்னு சொல்லுச்சு. படுக்க வச்சு ஊட்டாது, நிமிர்த்தி உக்கார வச்சு, முழுங்கியாச்சான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த வாய். துணி மாத்தும்போது முதல்ல ஒரு போர்வையைப் போர்த்திட்டு உள்ளாறவே மாத்தும். "ஆயா, இப்ப திரும்பப் போறோம்"னு சொல்லிட்டுத்தான் தொடும். மூட்டையைப் புரட்டுற மாதிரி புரட்டாது. சின்னம்மா குங்குமம் வைக்காது, திருநீறுதான். குளிப்பாட்டி முடிச்சதும் மறக்காம நெத்தியில ஒரு கீத்து.

ஒரு நாள் நான் போயிருந்தப்ப சின்னம்மா இடது கையில ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளை. அதுல தண்ணி. பால் கறக்குற மாதிரி வெரலை மடக்கி நீட்டிக்கிட்டு இருக்கு. கை வெரலுக்குப் பயிற்சி கொடுக்கணும்னு இயன்முறை மருத்துவர் சொல்லியிருக்காரு, பந்தைக் கொடுத்தா சின்னம்மா தூக்கிப் போட்டுருச்சாம். "மாடு வச்சிருந்த ஆயாவாச்சே"ன்னு அந்தப் பொண்ணு ரப்பர் கையுறைல தண்ணி ஊத்திக் கட்டி மடி மாதிரி தொங்க விட்டிருக்கு. வெரல் நுனியில ஊசியால ஒரு ஓட்டை. முதல்ல இடது கையால கறக்கணும், அப்புறம் வலது கையை மேல வச்சு இடது கையால அமுக்கணும். சின்னம்மா என்னைப் பார்த்து, "இந்த மாடு... ஒதைக்காது"ன்னு சொல்லி சிரிச்சுது. விழுந்த பிறகு அது சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

இப்படிப்பட்ட மனுஷங்க திடீர்னு முளைச்சவங்க இல்ல. 1839 குளிர்காலத்துல பிரான்ஸ்ல ஜான் ஜூகன்னு ஒரு ஏழை அம்மா, கண்ணு தெரியாத, கைகால் விழுந்த ஒரு கிழவியைத் தூக்கிட்டு வந்து தன்னோட கட்டில்லயே படுக்க வச்சாங்க. அதுல இருந்துதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள்னு ஒரு சபையே உண்டாச்சு. வீடு வீடா, சந்தை சந்தையா கேட்டு வாங்கியே முதியவங்களைக் காப்பாத்துனவங்க. சென்னையிலயும் அவங்க இல்லம் இருக்கு. நம்ம ஆளுங்கள்ல, 1978-ல சாவித்திரி வைத்திங்குற அம்மா ஆதரவத்த வயசான பெண்களுக்காகச் சென்னையில "விஸ்ராந்தி" ஆரம்பிச்சாங்க. சுனாமிக்கு அப்புறம் கடலூர் மாவட்டத்துல, ஆதரவை இழந்த முதியவங்களுக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா கட்டுன தாமரைக்குளம் முதியோர் கிராமம் நமக்குப் பக்கம்தான். கேரளாவுல 1993-ல கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் ஆரம்பிச்ச வலிநிவாரண சிகிச்சை, அப்புறம் ஊர் ஊரா பரவி, அக்கம்பக்கத்து ஜனங்களே பயிற்சி எடுத்துப் படுக்கையில இருக்குறவங்களைப் போய்ப் பார்க்குற பழக்கமாவே ஆயிருச்சு. நம்ம ஊர்கள்லயும் அது வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

இல்லத்துல ஞாயித்துக்கிழமை உறவுக்காரங்க நிறைய பேர் வருவாங்க. ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருத்தர், அவரு சம்சாரத்துக்கு மறதி நோய், இவரையே யாருன்னு தெரியாது. வாரா வாரம் மல்லிப்பூ ரெண்டு முழம் வாங்கிட்டு வருவாரு, ஒண்ணு சம்சாரத்துக்கு, ஒண்ணு பார்த்துக்குற அம்மாவுக்கு. மலையில இருந்து ஒரு குடும்பம், பஸ் மாறி மாறி, சாமையும் தேனும் கொண்டாந்து சமையல்கட்டுல வச்சுட்டுப் போவாங்க. நான் கத்தரிக்கா, அவரைக்கா, புது மல்லாட்டை வந்தா ஒரு மூட்டை. காசு மட்டும் ஊழியர்கள் கையில கொடுக்கக் கூடாதுன்னு கண்டிப்பான விதி. ஒரு நாள் நிர்வாகி அம்மாகிட்ட, "நாங்க எப்படித்தான் நன்றி சொல்றது?"ன்னு கேட்டேன். "வந்து பாத்துட்டுப் போங்க, அதுவே போதும். யாரும் வராத பதினோரு பேரு இருக்காங்க. உங்க சின்னம்மாவைப் பாக்க வர்றப்ப அவங்க கூடயும் ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னாங்க. அதுக்கப்புறம் நான் போனா ஒரு மணி நேரம் சின்னம்மாகிட்ட, ஒரு மணி நேரம் மத்தவங்ககிட்ட.

ஆனா ஒண்ணு சொல்லியாகணும். கத்தரிக்காயும் கண்ணீரும் நன்றியாகாது. இந்தப் பொண்ணுங்க வாங்குற சம்பளம் ஒரு துணிக்கடை வேலைக்குக் கிடைக்குறதுக்கு மேல இல்ல. வீடு தேடி வர்ற மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகைதான், நிரந்தர வேலை கிடையாது. "தெய்வம் மாதிரி பாக்குறீங்க"ன்னு சொல்றோம். தெய்வத்துக்குச் சம்பளம் வேணாம், அவங்களுக்கு வேணும். கிராம சபையில ரோடு, தண்ணி கேக்குறோம்ல, இதையும் கேக்கணும்.

போன தை மாசம் சின்னம்மா தவறிருச்சு. நெஞ்சுல சளி கட்டி நாலு நாள் கஷ்டம். தம்பி சிங்கப்பூர்ல இருந்து கிளம்பி வந்துட்டான், கடைசி ஒரு நாள் பக்கத்துலயே இருந்தான். விடிகாலை மூணு மணிக்கு உசுரு பிரியும்போது ஒரு கையை அவன் பிடிச்சிருந்தான், இன்னொரு கையை அந்தப் பொண்ணு பிடிச்சிருந்துது. முதுகுல ஒரு புண்ணு இல்லாம எங்க கையில கொடுத்தாங்க. ஒரு வருஷத்துக்கு மேல படுக்கையில இருந்த உடம்பு அது. படுக்கையில ஆள் பார்த்தவங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஊருக்குக் கொண்டு வந்தோம். சாவுக்கு இல்லத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. அந்தப் பொண்ணு ராத்திரி வேலை முடிச்சு தூங்காம பஸ் ஏறி வந்திருக்கு. கூட்டத்துக்குப் பின்னால வேப்ப மரத்தடியில தயங்கி நின்னுச்சு. வாய்க்கரிசி போடுற நேரம். பொண்ணு, பேரப்புள்ளைங்க, பங்காளிங்க எல்லாம் போட்டாச்சு. "வேற யாராச்சும் உண்டா?"ன்னு பெரியவர் கேட்டாரு. தம்பி பொண்டாட்டி விறுவிறுன்னு கூட்டத்தை விலக்கிட்டுப் போய் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துச்சு. "இவ போடணும். இத்தினி மாசம் சோறு போட்ட கை இது"ன்னுச்சு. ஆசிரமத்துல தள்ளிட்டாங்கன்னு பேசுன அதே ஊரு ஜனங்க வழி விட்டாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

கடைசியா சில தகவல். உங்க வீட்டுலயோ தெருவுலயோ படுத்த படுக்கையா யாராவது இருந்தா, துணை சுகாதார நிலையத்துல சொல்லி மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் பதிஞ்சுக்கங்க. 104-க்குப் பேசினாலும் வழி சொல்லுவாங்க. முதியவங்களுக்கு எந்தப் பிரச்சினைன்னாலும் 14567, கட்டணம் இல்லாத உதவி எண். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட்ல இருந்து 1,200 ரூபாய். நிலத்தை எழுதி வாங்கிட்டு சோறு போடாத பிள்ளைங்க மேல 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி கோட்டாட்சியர் கிட்ட மனு கொடுக்கலாம். பராமரிக்கணும்ங்குற நிபந்தனையோட எழுதிக் கொடுத்த பத்திரமா இருந்தா அதை ரத்து செய்யவும் அந்தச் சட்டத்துல வழி இருக்கு. அதனால பெரியவங்க தானப் பத்திரம் எழுதும்போது "கடைசி வரைக்கும் பராமரிக்கணும்"ங்குற வரியை மறக்காம சேர்த்துக்கங்க.

சின்னம்மா இல்லன்னாலும் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் அங்க போறேன். அந்தப் பதினோரு பேருல ஒரு தாத்தா சங்கராபுரம் பக்கத்துக்காரரு, பழைய கரும்பு விவசாயி. இந்த வருஷம் கரும்பு டன்னுக்கு என்ன விலைன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. சொன்னா, "கட்டுப்படி ஆவாதேப்பா"ம்பாரு. ஆவாதுதான் தாத்தா.

அடுத்த பதிவுல மரவள்ளி மாவுப்பூச்சி பத்தி எழுதுறேன். நிறைய பேர் கேட்டிருந்தீங்க.